ஒரே ஒரு தட்டு

உங்களிடமும் கேட்டுவிட்டார்களா, குழந்தைக்குப் பாட்டு வேண்டுமா என்று? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பி. முன்பின் தெரியாத ஆள் என்ன சொல்வது என்று நினைக்காதீர்கள். உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இப்படி வாருங்கள்.

உங்கள் பையனை நேற்று சாயங்காலம் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது நான் இங்கேதான் இருந்தேன். பையன்தானே? ஆயாம்மா சொன்னார். ஏழாம் மாதம் முடியவில்லை என்றும் சொன்னார். பயப்படாதீர்கள். என் மகள் பிருந்தாவுக்கும் அப்படித்தான், நாள் நிறையாமல் பிறந்துவிட்டது. பெண். உள்ளே ஜன்னலோரம் இருக்கிற கண்ணாடிப் பெட்டி அவளுடையது. உங்கள் பையன் அதற்கு அடுத்த பெட்டி. ஆக நாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அதனால்தான் வலிய வந்து சொல்கிறேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பெயர் திருமலைச்சாமி. உடுமலை பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தேன். விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்கிற ஆள். அந்த வேலைக்குப் பேச்சே தேவையில்லை. டிரைவர் கெஞ்சுவான். கண்டக்டர் டீயை வாங்கி நீட்டுவான். “ரெண்டு நிமிசம் பொறுங்ணா, பொள்ளாச்சி வண்டி வந்து சேரட்டும்” என்பான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், விசிலை ஊதுவேன். அவ்வளவுதான். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனால் என் நேரத்தை ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த ஆளைத்தான் இந்த வாசலில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரக் கூடாதாம். பெற்ற மகளே சொல்லிவிட்டாள்.

இல்லை, இன்றைக்கு வரலாமாம். அதுதான் இப்போது பிரச்சினையே. காலையில் ஆயாம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாளைக்கு விடிந்ததும் குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்குமாம். பிறந்த பிறகு தானாக மூடிக்கொள்ள வேண்டியது, இவளுக்கு மூடவில்லை. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. இனி ஆபரேஷன்தான். கோழிக்குஞ்சு அளவு நெஞ்சு, தம்பி. அதில் கத்தி வைக்க வேண்டும். பிழைத்து வருவாளா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களாகவும் சொல்லவில்லை.

“அப்பா நாலு மணிக்கு வந்து பாப்பாவைப் பாத்துக்கட்டும். ஆனா கையைக் கட்டிக்கிட்டு நிக்கோணும்.” இதுதான் மகள் சொல்லி அனுப்பியது. ஆயாம்மா அதை அப்படியே சொன்னாலும் பரவாயில்லை, சிரித்துக்கொண்டு சொன்னார். “ஏனுங்ணா, பள்ளிக்கோடத்துப் பையனாட்டம் கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்களாமா?”

நான் என்ன திருடனா? யார் மேலாவது கை ஓங்கிப் பழக்கப்பட்டவனா? அப்பனுடைய கையைப் பற்றி ஒரு மகள் ஆயாம்மாவிடம் சொல்லி அனுப்புவாளா? சொல்லுங்கள். போவதா, வேண்டாமா என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டீகூட இறங்கவில்லை.

எல்லாம் அந்தப் பாட்டுக்காரப் பெண்ணால் வந்தது.

ரோஸ்லின் என்று பெயர். வாரத்தில் மூன்று நாள் வருவாள். நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை, பாடுவதற்கென்றே ஒரு ஆள். இதற்கென்று வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவளாம். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சல்லடை மாதிரி வட்டமாக ஒரு வாத்தியம், உள்ளே பொடிப்பொடியாக மணிகள். மெதுவாகச் சாய்த்தால் தூரத்தில் மழை வருகிற மாதிரி சத்தம் கேட்கும். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு அப்படித்தான் கேட்குமாம். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்கு என் பேத்தி நெற்றிச் சுருக்கத்தை விட்டுவிட்டுத் தூங்கினாள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் பாட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் வேண்டாமாம். குழந்தையின் குடும்பத்தில் புழங்குகிற பாட்டு ஒன்று வேண்டுமாம். அதை மெதுவாக்கிப் பாடுவாளாம். முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

“தாத்தா, நீங்க ஒண்ணு பாடுங்களேன். வீட்டு ஆளுங்க குரல் பாப்பாவுக்கு ரொம்ப நல்லது.”

எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே ஏசி, ஆனாலும் வியர்த்தது. நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறந்து பாடியதே இல்லை. எங்கள் பெருமாள் கோயில் பஜனைக் குழுவில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறேன், ஆனால் நான் தாளம் போடுகிறவன். ஜால்ரா. சிரிக்காதீர்கள். என் சம்பந்தியும் இப்படித்தான் சிரிப்பார். “எங்க சம்பந்தி பொறந்ததிலிருந்தே ஜால்ராவுங்க” என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்ன மனுஷன். எல்லோருக்கும் பின்னால், தூணை ஒட்டி உட்காருவேன். என் முகம் யாருக்கும் தெரியாது, என் தாளம் எல்லோருக்கும் கேட்கும். எனக்கு அது போதும்.

“எனக்குப் பாட வராதுங்க, அம்மணி.”

“சும்மா முணுமுணுங்க, போதும்.”

“வராதுங்க.”

விட்டாளா? “வெக்கப்படாதீங்க தாத்தா” என்று பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “நான் சொல்றனுங்க்கா” என்றாள். அவள் சொன்னது எங்கள் பஜனையில் கடைசியாகப் பாடுகிற பாட்டு. வெளியாருக்குத் தெரியாது. எங்கள் குழுத் தலைவர், மளிகைக் கடை வேலுச்சாமி கட்டியது. ‘படியேறி வந்தேனே பெருமாளே’ என்று ஆரம்பிக்கும். ஆதி தாளம். தாளம் தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் பரவாயில்லை. எட்டு எண்ணிக்கை ஒரு சுற்று. ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. மறுபடியும் ஒன்று. ஒன்பது என்பது கிடையாது.

இவள் ஒன்பது போட்டாள், தம்பி.

முதல் சுற்று எட்டில் முடிந்தது. சரி, தேவலை என்று இருந்தேன். இரண்டாவது சுற்றில் ‘பெருமாளே’ என்கிற இடத்தில் இழுத்தாள். பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே இழுத்தாள், இழுத்தாள், ஒன்பதையும் தாண்டிப் பத்தில் வந்து விழுந்தாள். அடுத்த சுற்று ஏழு. அதற்கடுத்தது எட்டரை. எட்டரை! எந்த ஊரில் எட்டரை இருக்கிறது? தாளம் தப்பினால் பாடுகிறவர் நாக்கையாவது கடித்துக்கொள்வார். இவள் சிரித்துக்கொண்டு பாடுகிறாள். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். எங்கள் ஊர்ப் பெருமாள் பாட்டை எலும்பெலும்பாகக் கழற்றிப் போடுகிறாள் ஒருத்தி, இன்னொருத்தி தலையாட்டுகிறாள்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் பத்தில் போய் விழுந்த அந்தப் ‘பெருமாளே’ காதிலேயே நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் அது, படுத்தால் அது.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். எனக்குப் பெரியவர்களிடம் போய் நின்று பேசிப் பழக்கம் இல்லை. நடையில் அவர் பின்னாலேயே போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் அவரே நின்றுவிட்டார்.

“என்னங்கய்யா?”

“ஒண்ணுமில்லீங்க. அந்தப் பாட்டுப் பாடற அம்மணிக்குத் தாளம் நிக்கறதில்லீங்க.”

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். கையில் போட்டும் காட்டினேன்.

“ஓ, அதுவா. அவங்க பாப்பாவோட மூச்சைப் பார்த்துப் பாடறாங்கய்யா. பாப்பா மூச்சு நீண்டா பாட்டும் நீளும், நின்னா பாட்டும் நிக்கும். முதல்ல அது கூடவே போகணும். அப்புறம் மெல்ல மெல்ல மூச்சு ஒரு சீருக்கு வரும். தாளம் பாப்பாவோடது.”

“பாப்பாவுக்குத் தாளம் தெரியாதுங்களே,” என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லியா கேட்டேன்? நியாயத்தைத்தானே கேட்டேன். மூச்சு சரியில்லை என்றுதானே குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறது? தப்பான மூச்சுக்குப் பின்னாலேயே பாட்டும் போனால், குழந்தை எதைப் பார்த்துச் சரியாகக் கற்றுக்கொள்ளும்? ஒரு வண்டி லேட் என்பதற்காக மற்ற வண்டியையெல்லாம் லேட்டாக்கினால் பஸ் ஸ்டாண்ட் என்ன ஆகும்? இதைக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். படித்தவர்களுக்கு நம் பேச்சு பாதிதான் கேட்கும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு விதியைக்கூட மீறவில்லை. பிருந்தா ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியின் துவாரம் வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைக்குள் தலை முழுக்க அடங்கியிருந்தது. ரோஸ்லின் எதிர்ப்பக்கம். ஆரம்பித்தாள். நான் யாருக்கும் தெரியாமல் தொடையில் தாளம் போட்டேன். எட்டு. எட்டு. அடுத்த சுற்றில் இழுவை.

இங்கேதான் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் யாருக்கும் புரியவில்லை. பஜனையில் ஒருவர் தாளம் தப்பினால், தாளம் போடுகிறவன் வாயால் சொல்ல மாட்டான். அது மரியாதை இல்லை. ஜால்ராவை ஒருமுறை அழுத்தித் தட்டுவான். ஒரே ஒரு தட்டு. பாடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார். கேட்கிறவர்களுக்குத் தெரியாது, பாடுகிறவருக்கும் அவமானம் இல்லை. வேலுச்சாமியையே அப்படி எத்தனையோ தடவை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அதைத்தான் செய்தேன். அந்த இடத்தில் என் கைக்கு எட்டியது பெட்டிதான். மேலே மூடி இருக்கிறது பாருங்கள், அதில், ஒரு விரலால். ஒரே ஒரு தட்டு.

குழந்தையின் கை இரண்டும் தூக்கிப் போட்டன. விரலெல்லாம் விரிந்துகொண்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். அப்புறம் மூச்சை அளக்கிற மிஷின் கத்த ஆரம்பித்தது. அது எப்போதும் கத்துகிற மிஷின், தம்பி. உங்கள் பையனுடையதும் கத்தும், பாருங்கள். கால் அசைந்தால் கத்தும், ஒயர் நழுவினால் கத்தும். ஆனால் அன்றைக்குப் பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் என்னை இடித்துத் தள்ளினார். குழந்தை நீலமாகிவிட்டது என்றார்கள். உதட்டோரம் நிறம் மாறியிருந்தது, அது உண்மை. சிஸ்டர் உள்ளே கை விட்டு உள்ளங்காலைத் தேய்த்தார், முதுகைத் தேய்த்தார். “மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு, மூச்சு விடு” என்றார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. எண்ண வரவில்லை.

அப்புறம் விட்டாள். மூச்சு விட்டாள்.

இப்போது கணக்கைக் கேளுங்கள். நான் தட்டியது அந்தச் சுற்றின் கடைசியில். மிஷின் கத்தியது அடுத்த சுற்றில், மூன்றாவது விரலில். நடுவில் இடைவெளி இருக்கிறதா இல்லையா? தட்டியதால் என்றால் தட்டிய உடனேயல்லவா கத்த வேண்டும்? இதை டாக்டரம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். வராந்தாக் கோடியில் காலியாக ஒரு பழைய பெட்டி கிடந்தது, அங்கே கூட்டிக்கொண்டு போனார். “இந்த ஓட்டையில காதை வைங்கய்யா” என்றார். வைத்தேன். மேலே ஒரு விரலால் தட்டினார்.

தகரக் கொட்டகையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

“உள்ள இருக்கறவங்களுக்கு அப்படித்தான் கேட்கும்,” என்றார்.

அப்படியானால் தப்பு யாருடையது? பெட்டியைச் செய்தவனுடையதுதானே? பிஞ்சுக் குழந்தையை வைக்கிற பெட்டியை மத்தளம் மாதிரியா செய்வான் ஒருத்தன்? அவனை யாராவது வெளியே போகச் சொன்னார்களா? என்னைத்தான் சொன்னார்கள்.

யார் சொன்னது? டாக்டர் இல்லை, சிஸ்டர் இல்லை. “அப்பா, வெளிய போங்க.” என் மகள். எல்லோர் முன்னாலும். நான் வளர்த்த பெண். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். தலை பின்னக் கற்றுக்கொண்டு, பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஒரு நாள்கூட என் முகத்துக்கு நேராகக் குரல் உயர்த்தியதில்லை. “வெளிய போங்க” என்கிறாள், கை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பெஞ்சுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“எதுக்குப்பா தட்டுனீங்க?”

“அந்தப் புள்ள தாளம் தப்புச்சு, அம்மணி.”

“தப்பட்டும். தப்புனா என்ன இப்ப? பாப்பா மூச்சு உட்டுக்கிட்டுத்தானே இருந்தா?”

“பாட்டுன்னா அதுக்கு ஒரு...”

“உங்க மடியில படுத்துத் தூங்குன பாட்டுப்பா அது. அதனாலதான் அதைச் சொன்னேன். எனக்கு இரைப்பு வந்து, அப்பறம் நான் கண்ணசந்தா நீங்க தாளத்தை மெதுவாக்கிருவீங்க. வேலுச்சாமி மாமா திரும்பித் திரும்பி மொறைப்பாரு. நீங்க அவரைப் பாக்கவே மாட்டீங்க, என்னையே பாத்துக்கிட்டிருப்பீங்க. ரோஸ்லின் அக்காவும் அதையேதான் பண்ணுது.”

பச்சைப் பொய், தம்பி. நான் ஒருநாளும் மெதுவாக்கியதில்லை. வேலுச்சாமியும் இதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். “திருமலை மக தூங்குனா பெருமாளும் தூங்கிரோணும்” என்று கடையில் உட்கார்ந்து கேலி பேசுவார். அவருக்கு அப்போதே காது மந்தம். மார்கழிப் பனியில் குழந்தையைத் தனியாக வீட்டில் விட முடியாது, தூக்கிக்கொண்டு போவேன். மடியில் போட்டுக்கொண்டு தாளம் போடுவேன். நெஞ்சு இரைக்கிறதா என்று குனிந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பேன், அது உண்மை. ஆனால் அதற்கும் தாளத்துக்கும் என்ன சம்பந்தம்? கை அதன் வேலையைப் பார்க்கும்.

சரி, என் மடியில் படுத்துக் கேட்டவள்தானே? எட்டு என்று அவளுக்குத் தெரியும்தானே? அவளாவது அந்தப் பெண்ணைத் திருத்தியிருக்க வேண்டாமா?

அன்றிலிருந்து இந்தப் பெஞ்சுதான். மகளுக்குச் சோறு வாங்கிவந்து ஆயாம்மாவிடம் கொடுப்பேன். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். ஒரு வார்த்தை வராது. மாப்பிள்ளைக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை, ஷிப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்காருவார். “பேசாம ஒரு சாரி சொல்லிருங்க மாமா” என்பார். எதற்குச் சாரி? யாருக்குச் சாரி? பெட்டிக்கா? நல்ல பையன், ஆனால் எதற்கெடுத்தாலும் சாரி சொல்லியே பழகியவர். 

அந்த ரோஸ்லினும் ஒருநாள் வந்தாள். டீ வாங்கி வந்து நீட்டினாள்.

“தாத்தா, எம்மேல கோவமா?”

நான் டீயை வாங்கிக்கொண்டேன். டீயோடு என்ன கோபம்?

“நீங்க தொடையில தாளம் போட்டதைப் பார்த்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒருநாள் பாப்பா மூச்சைப் பார்த்துப் போட்டுப் பாருங்க. உங்களுக்கு வரும்.”

எனக்கு வருமாம்! தப்பாகப் போட எனக்கு வருமாம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலி டம்ளரை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

என்ன கேட்டீர்கள்? அவள் பாட ஆரம்பித்த பிறகு குழந்தைக்குத் தேவலையா என்றா? நீங்களும் அந்தப் பக்கம்தான் பேசுகிறீர்கள். ஆயாம்மா சொல்வதை வைத்துப் பார்த்தால், முன்னைவிட நன்றாகத் தூங்குகிறாள். மிஷின் கத்துவது குறைந்திருக்கிறது. குழாய் வழியாகக் கொடுக்கிற பால் நின்றுகொள்கிறது. அது மருந்தினாலும் இருக்கலாம். மருந்தினால் இல்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் பையன், உங்கள் இஷ்டம். உங்கள் வீட்டில் புழங்குகிற பாட்டு ஏதாவது இருக்கிறதா? யோசித்து வையுங்கள். நல்ல பாட்டாக, உடைந்தாலும் தாங்குகிற பாட்டாகச் சொல்லுங்கள்.

அதோ, நாலு மணி, கதவைத் திறக்கிறார்கள். பச்சைத் துணிப்பையோடு உள்ளே போகிறாளே, அவள்தான். பின்னால் நிற்பது என் மகள். எப்படி இளைத்துவிட்டாள் பாருங்கள். இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். இல்லை, பார்க்கிறாள்.

எழுந்திருக்காதீர்கள், ஒரு நிமிஷம். நான் ரோஷத்தினால்தான் காலையிலிருந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆயாம்மா நினைக்கிறார். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைப்பார். நினைக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் இந்தக் கை கட்டினால் நிற்கிற கை இல்லை, தம்பி. இப்போதே பாருங்கள், உங்களிடம் பேசிக்கொண்டே தொடையில் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் சொல்லிப் போடவில்லை. அன்றைக்கும் நான் சொல்லி அது போகவில்லை. வாய் பேசாமல் இருந்துவிடும், இது இருக்காது. அவள் இழுக்க ஆரம்பித்தால் இது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. நாளைக்குக் கத்தி வைக்கப்போகிற குழந்தை. இன்றைக்கு இன்னொரு தட்டு விழுந்தால்?

நீங்களும் உள்ளேதானே வருகிறீர்கள்? உங்கள் பையன் பக்கத்துப் பெட்டிதான், அங்கே நின்றாலும் இங்கே எட்டும். வாருங்கள், கை கழுவுகிற இடத்தைக் காட்டுகிறேன். முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும், அவசரப்படக் கூடாது. கழுவித் துடைத்த பிறகு இந்த வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆமாம், உங்களைத்தான். யாராவது கேட்டால் பெரியவருக்குக் கிறுகிறுப்பு என்று சொல்லுங்கள். என் மகளிடம் இதைக் கேட்க முடியாது, அவள் கை பெட்டிக்குள் இருக்கும்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் போகிறேன். உள்ளே மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘பெருமாளே’ என்று ஒரு இடம் வரும். அங்கேதான் இழுப்பாள். நான் பிடுங்குவேன். விடாதீர்கள்.

எங்கே, இப்போது ஒருதரம் பிடித்துக் காட்டுங்கள். இப்படி இல்லை, விரல்களோடு சேர்த்து. இன்னும் கொஞ்சம் இறுக்கி.